பக்கத்துச் சந்தில் ஒரு ரூம் எடுக்கிறீர்களா? அடியில் போகும் டிரைனேஜ் யாருடையது?

ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்து நிரந்தரமாகத் தங்கப் போகிறார்கள். அல்லது வொர்க் ஃப்ரம் ஹோமுக்குக் கதவு சாத்திக்கொள்ள ஒரு அறை வேண்டும். காரணம் எதுவானாலும், சென்னையில் தனி வீடோ பாகம் பிரிந்த வீடோ வைத்திருப்பவர்களின் கண் முதலில் போவது ஒரே இடத்துக்குத்தான். வீட்டுக்கும் காம்பவுண்ட் சுவருக்கும் நடுவில் இருக்கும் சந்து. ‘சும்மாதானே கிடக்கு, நாலடி இழுத்து ஒரு ரூம் எடுத்துடலாம்’ என்று பேச்சு ஆரம்பிக்கும். மேஸ்திரி வந்து டேப் பிடிப்பார். ‘இந்த சேம்பரை என்ன சார் பண்றது?’ என்று கேட்பார். ‘மேல டைல்ஸ் போட்டு மூடிடுங்க’ என்று பதில் வரும்.

அந்த ஒரு வரி பதிலில்தான் பின்னால் வரப்போகும் எல்லாப் பிரச்னையும் இருக்கிறது. உங்கள் சந்துக்கு அடியில் போகும் குழாயில் உங்கள் வீட்டுக் கழிவுநீர் மட்டும் போகிறதா, பின்வீட்டுக்காரருடையதும் சேர்ந்து போகிறதா? இது தெரியாமல் போடும் கான்கிரீட், உங்கள் காசில் அடுத்தவர் வீட்டு பாத்ரூமை அடைப்பதற்குச் சமம்.

எப்படி ஒரே குழாய் பல வீட்டுக்கு?

ஒரு கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்வோம். மேற்கு மாம்பலத்திலோ திருவல்லிக்கேணியிலோ தாத்தா கட்டிய ஒரு நீளமான வீடு. தெருப்பக்கம் குறுகலாக, உள்ளே ஆழமாகப் போகும் மனை. அப்பா காலத்தில் பாகப்பிரிவினை நடக்கிறது. முன்பாகம் தம்பிக்கு, நடுப்பாகம் அக்காவுக்கு, பின்பாகம் அண்ணனுக்கு. பத்திரத்தில் சுவர், கிணறு, மாடிப்படி, நடைபாதை எல்லாவற்றுக்கும் அளவு எழுதுவார்கள். டிரைனேஜ் லைனைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரி கூட இருக்காது. ஆனால் அண்ணன் வீட்டுக் கழிவுநீர் அக்கா பாகம், தம்பி பாகம் இரண்டையும் தாண்டித்தான் தெருவில் இருக்கும் மெட்ரோவாட்டர் மேன்ஹோலுக்குப் போயாக வேண்டும். வேறு வழி கிடையாது.

ஒரே மனையை இரண்டாக விற்ற இடங்களிலும், பழைய வரிசை வீடுகளிலும் இதே கதைதான். அடுக்குமாடியில் தரைத்தளக்காரர் ‘என் பின்பக்க இடம்தானே’ என்று ஷீட் போட்டு மூடும் இடத்திலும் மேல்வீடுகளின் குழாய் எல்லாம் அங்கேதான் இறங்கும்.

அந்த லைன் சந்து வழியாகப் போவதற்கும் காரணம் உண்டு. கட்டட விதிப்படி பக்கவாட்டில் இடம் விட வேண்டும், அதைத்தான் செட்பேக் என்கிறோம். திறந்து கிடக்கும் இடம் என்பதால் குழாயை அங்கே போட்டார்கள். அடைப்பு வந்தால் தோண்டலாம், சேம்பர் மூடியைத் திறக்கலாம். அந்தச் செட்பேக்கில் அறை எடுப்பதே விதிமீறல். அதில் குழாய்க்குப் போகும் வழியும் சேர்ந்து அடைபடுகிறது.

மேலே கட்டினால் கீழே என்ன ஆகும்?

‘குழாய் பாட்டுக்குக் கீழே போகுது, நான் பாட்டுக்கு மேலே இருக்கேன்’ என்று தோன்றும். மூன்று விஷயங்கள் அதற்கு இடம் கொடுக்காது.

முதலாவது, பாரம். பழைய வீடுகளில் இருப்பது பெரும்பாலும் ஸ்டோன்வேர் குழாய், அதாவது சுட்ட மண் குழாய். ஒவ்வொரு துண்டும் சுமார் 60 சென்டிமீட்டர் நீளம். இரண்டு அடிக்கு ஒரு இணைப்பு, அதில் சிமென்ட் பூச்சு. பக்கத்தில் புதிதாக ஒரு காலம் எழும்பி மண்ணை அழுத்தினால், குழாய் உடைவதற்கு முன்பே இணைப்புகள் விலகிவிடும். விலகிய இடைவெளி வழியாகக் கழிவுநீர் மண்ணுக்குள் போகும், மண் குழாய்க்குள் வரும். மெல்ல மெல்ல அடியில் ஒரு பள்ளம் விழும். களிமண் பகுதிகளில் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும் மண் இந்த வேலையை இன்னும் வேகமாக முடித்துவிடும். சில வருடங்களில் விரிசல் விடுவது உங்கள் புது அறையின் சுவர்தான்.

இரண்டாவது, வாட்டம். கழிவுநீர்க் குழாயில் பம்ப் கிடையாது. சரிவை நம்பித்தான் தண்ணீர் ஓடுகிறது. பொறியாளர்களின் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது: 4 அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு ஒரு அடி, 6 அங்குலத்துக்கு 60 அடிக்கு ஒரு அடி, 9 அங்குலத்துக்கு 90 அடிக்கு ஒரு அடி சரிவு. ‘லைனைக் கொஞ்சம் சுத்தி விட்டுடலாம்’ என்று 4 அங்குலக் குழாயைப் பத்தடி கூடுதலாகச் சுற்றினால், கடைசியில் அது இன்னும் 3 அங்குலம் கீழே போய்ச் சேர வேண்டும். தெரு மேன்ஹோலில் அந்த 3 அங்குலம் இல்லையென்றால் வாட்டம் செத்துவிடும். தண்ணீர் போகும், கெட்டியானது குழாயில் தங்கும். அடைப்பு அங்கிருந்து ஆரம்பம்.

மூன்றாவது, வாயு. சேம்பர் அறைக்குள் மாட்டிக்கொண்டால் அதிலிருந்து வரும் வாயுவும் அறைக்குள்தான் வரும். கழிவுநீரில் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. ஆபத்து அதில்தான். மீத்தேன் தீப்பிடிக்கும் வாயு. டைல்ஸ் போட்டு மூடிய சேம்பருக்கு மேல் சமையலறை வைப்பதைப் பற்றி இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

ஐப்பசி, கார்த்திகையில்தான் கணக்குத் தீரும்

சென்னையில் மழைநீருக்குத் தனி வடிகால், கழிவுநீருக்குத் தனிக் குழாய். ஆனால் மொட்டைமாடித் தண்ணீரை டிரைனேஜ் சேம்பரில் இறக்கிவிடும் வீடுகள் ஏராளம். வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் கழிவுநீர்க் குழாய் தாங்க முடியாத அளவுக்கு நிரம்பும். நிரம்பிய தண்ணீர் எங்கே தாழ்வான திறப்பு இருக்கிறதோ அங்கே மேலே வரும். சேம்பர் திறந்த சந்தில் இருந்தால் சந்தில் பொங்கும், கழுவிவிடலாம். அந்த சேம்பரையும் மூடிவிட்டால் அடுத்த தாழ்வான திறப்பு தரைத்தள பாத்ரூம்தான். அது உங்களுடையதாகவும் இருக்கலாம், பின்வீட்டில் முட்டிவலியோடு இருக்கும் பாட்டியுடையதாகவும் இருக்கலாம்.

அந்த நேரத்தில் பிளம்பர் வருவார். ‘சேம்பர் எங்க சார்?’ என்பார். அது கட்டிலுக்கு அடியில் இருக்கும்.

அடைப்பை யார் எடுப்பார்கள்?

இந்தக் கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்டுக்கொள்வதே இல்லை. திறக்கக்கூடிய சேம்பர் இருந்தால் ராடு விடலாம், ஜெட் ராடிங் வண்டியின் ஹோஸை இறக்கலாம். வேலையை இயந்திரம் செய்யும். சேம்பரைப் புதைத்துவிட்டால் இயந்திரத்துக்கு வழியில்லை. அப்போதுதான் யாரோ ஒருவர், ‘தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கார், இறங்கி எடுத்துக் குடுத்துடுவார்’ என்பார். அவர் பெயர் கூட நமக்குத் தெரிந்திருக்காது.

கையால் மலம் அள்ளும் பணியைத் தடை செய்யும் 2013-ம் ஆண்டுச் சட்டத்தின் 7-வது பிரிவு, உரிய பாதுகாப்பு இல்லாமல் கழிவுநீர்க் குழாயையோ செப்டிக் டேங்கையோ சுத்தம் செய்ய எந்த நபரும் யாரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ அமர்த்தக் கூடாது என்கிறது. ‘எந்த நபரும்’ என்பதில் வீட்டு உரிமையாளரும் அடக்கம். மாநகராட்சிக்கும் கான்ட்ராக்டருக்கும் மட்டும் போட்ட சட்டம் கிடையாது. முதல் முறை மீறினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் வர முடியாத குற்றம்.

உச்ச நீதிமன்றம் 2014-ல், இப்படி உயிரிழந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இத்தனைக்குப் பிறகும் இறப்புச் செய்திகள் நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் நாம் அரசைத் திட்டுகிறோம், திட்டத்தான் வேண்டும். கூடவே, இயந்திரம் நுழைய முடியாத இடங்களை உருவாக்குவது யார் என்ற கேள்வியையும் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். சந்தில் புதைந்த ஒவ்வொரு சேம்பரும் அப்படி ஓர் இடம்தான்.

‘என் இடம், என் இஷ்டம்’ சட்டப்படி செல்லுமா?

நிலம் உங்களுடையதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் வழியாகக் கழிவுநீரைக் கொண்டுபோகும் உரிமை இன்னொருவருக்கு இருக்க முடியும். 1882-ம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டம் சொல்வது அதைத்தான். 140 வருடப் பழைய சட்டம், ஆனால் இன்றைய சந்துச் சண்டைக்கே எழுதியது போல இருக்கும்.

பாகப்பிரிவினை நடந்தபோது ஒரு பாகத்தை அனுபவிக்க அவசியமாக இருந்த வசதி, பிரிந்த பிறகும் தொடரும் என்கிறது 13-வது பிரிவு. பத்திரத்தில் எழுதவில்லை என்பதாலேயே அண்ணன் வீட்டு டிரைனேஜ் உரிமை போய்விடாது. பாகப்பிரிவினை இல்லாத இடத்தில், 20 ஆண்டுகள் வெளிப்படையாகவும் தடையில்லாமலும் உரிமையாக அனுபவித்து வந்திருந்தால் 15-வது பிரிவு துணைக்கு வரும்.

27-வது பிரிவுதான் முக்கியம். நிலத்துக்காரர் தன் நிலத்தில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் அடுத்தவருடைய வசதியுரிமையைச் சுருக்கும்படியோ, அதைப் பயன்படுத்துவது சிரமமாகும்படியோ எதையும் செய்யக் கூடாது. சேம்பர் மேல் டைல்ஸ் போடுவது இதில் நேராக மாட்டும். குழாய் வைத்திருப்பவர் அதைப் பழுது பார்க்க உங்கள் இடத்துக்குள் வந்து தோண்டலாம், வேலை முடிந்ததும் தரையைப் பழையபடி சரிசெய்து தர வேண்டும் என்பதை 24-வது பிரிவு உதாரணத்தோடு சொல்கிறது.

கட்டுபவர் பக்கமும் சட்டம் பார்த்திருக்கிறது. பராமரிப்புச் செலவு, உரிமையை அனுபவிப்பவர் தலையில் என்கிறது 25-வது பிரிவு. நிலத்துக்காரருக்குக் குறைந்த தொந்தரவு தரும் விதத்தில்தான் அந்த உரிமையைப் பயன்படுத்த வேண்டும், அதை ஒரு குறிப்பிட்ட பாதைக்குள் அடக்கிக்கொள்ளும்படி அவர் கேட்கலாம் என்கிறது 22-வது பிரிவு. ‘டிரைனேஜ் இருக்கு, ஒரு செங்கல் கூட வைக்க விடமாட்டேன்’ என்று பழைய பகையை வைத்துத் தகராறு செய்யும் பின்வீட்டுக்காரருக்கு இது பதில். உட்கார்ந்து பேசினால் இரண்டு பேருக்கும் வழி இருக்கிறது.

அடுக்குமாடி என்றால் கேள்வியே எழாது. பொது இடம் எல்லோருடைய பிரிக்கப்படாத பங்கு. தரைத்தளத்தில் குடியிருக்கிறோம் என்பதால் அது நமக்குச் சொந்தமாகிவிடாது.

இங்கிலாந்தில் எப்படிக் கையாள்கிறார்கள்?

வரிசை வீடுகள், பின்பக்கத் தோட்டம், அதன் அடியில் நாலைந்து வீடுகளுக்குப் பொதுவான குழாய். இங்கிலாந்தில் இது மிகச் சாதாரணம். அங்கே 2011 அக்டோபர் 1 அன்று, ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகள் பகிர்ந்துகொள்ளும் தனியார் குழாய்களில் பெரும்பாலானவை தண்ணீர் நிறுவனங்களின் பொறுப்புக்கு மாறின. உங்கள் தோட்டத்துக்குள்ளேயே ஓடினாலும் அது பொதுக்குழாய். அதிலிருந்து 3 மீட்டருக்குள் வீட்டை நீட்டிக் கட்ட வேண்டுமென்றால் நிறுவனத்தின் ஒப்புதலை முன்கூட்டியே வாங்க வேண்டும்.

நம் ஊரில் அப்படியே காப்பி அடிக்க முடியாது. 3 மீட்டர் என்பது சுமார் பத்தடி. அரை கிரவுண்டு மனையில் பத்தடி விடச் சொன்னால் வீடே இருக்காது. அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அளவை அல்ல, வரிசையை. குழாய் எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்கிறார்கள், பிறகுதான் அஸ்திவாரம். நாம் அஸ்திவாரம் தோண்டும்போதுதான் குழாயைக் கண்டுபிடிக்கிறோம், அதுவும் கடப்பாரையால்.

கட்டுவதற்கு முன் என்ன செய்யலாம்?

இடம் பற்றாத குடும்பத்திடம் ‘கட்டாதீங்க’ என்று சொல்வது சுலபம், நியாயம் இல்லை. விதி அனுமதிக்கும் இடத்துக்குள் கட்டுங்கள், இந்த ஆறு வேலையையும் செய்துவிட்டு.

1. லைனைக் கண்டுபிடியுங்கள். பட்டாவிலோ பத்திரத்திலோ இருக்காது. எல்லா சேம்பர் மூடியையும் திறந்து வையுங்கள். பின்வீட்டில் சொல்லி, அவர்கள் டாய்லெட்டில் சொட்டு நீலம் கலந்த ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றச் சொல்லுங்கள. உங்கள் சேம்பரில் நீலம் தெரிந்தால் அது பொதுக்குழாய். குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் ஆட்களும் இப்போது கிடைக்கிறார்கள்.

2. மாற்ற முடியுமா என்று பாருங்கள். வாட்டக் கணக்கைப் பொறியாளரிடம் எழுதி வாங்குங்கள். திருப்பம் வரும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சேம்பர் வேண்டும். தெரு இணைப்பைத் தொடும் வேலை என்றால் மெட்ரோவாட்டரிடம் விண்ணப்பிக்காமல் கை வைக்கக் கூடாது.

3. மாற்ற முடியாவிட்டால், பாரம் குழாய் மேல் இறங்காதபடி கட்டுங்கள். ஃபூட்டிங்கைக் குழாயின் அடிமட்டத்துக்கும் கீழே கொண்டுபோவது, பிளின்த் பீமால் தாண்டுவது போன்ற வழிகள் உண்டு. சுவருக்குள் குழாய் நுழையும் இடத்தில் சுற்றிலும் 5 சென்டிமீட்டராவது இடைவெளி விட வேண்டும். உடைந்த பழைய மண் குழாயை இந்தச் சமயத்திலேயே மாற்றிவிடுங்கள். பிறகு வாய்ப்புக் கிடைக்காது.

4. சேம்பரை அறைக்கு வெளியே கொண்டுபோங்கள். எந்த வழியும் இல்லை என்றால் மட்டும், வாயு கசியாத டபுள் சீல் மூடி. திறக்கும்படி இருக்க வேண்டும், மேலே பீரோ வரக் கூடாது. சமையலறையும் படுக்கையறையும் வேண்டவே வேண்டாம்.

5. எழுதிக்கொள்ளுங்கள். ‘நம்ம அண்ணன்தானே, வாயால சொன்னாப் போதாதா?’ என்று தோன்றும். உங்களுக்கும் அண்ணனுக்கும் போதும். நாளைக்கு அவர் பாகத்தை வாங்கப்போகிறவருக்குப் போதாது. எந்த வழியாகக் குழாய் போகிறது, எங்கே சேம்பர், யார் செலவு, அடைப்பு வந்தால் உள்ளே விட வேண்டும் என்பதை வரைபடத்தோடு எழுதுங்கள். முடிந்தால் பதிவு செய்யுங்கள்.

6. கான்கிரீட் போடும் முன் அளவு டேப்போடு போட்டோ எடுத்து, இரண்டு வீட்டு வாட்ஸ்அப்பிலும் வைத்திருங்கள். பத்து வருடம் கழித்துத் தரையைத் தேவையில்லாமல் உடைக்காமல் காப்பாற்றப் போவது அந்தப் படம்தான்.

அடைப்பு ஏற்கெனவே இருக்கிறது என்றால் சென்னையில் மெட்ரோவாட்டரின் 1916 எண்ணில் புகார் செய்யலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். தெருக்குழாய் வாரியத்தின் பொறுப்பு. வீட்டு எல்லைக்குள் இருக்கும் லைன் பொதுவாக உரிமையாளர்களின் பொறுப்பு.

அரசு செய்ய வேண்டியது

2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையில் கட்டட அனுமதி தரத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரை உள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீட்டுக்கு ஆன்லைனில் உடனடி அனுமதி. அலுவலகம் அலுவலகமாக அலைந்த நடுத்தரக் குடும்பங்களுக்கு இது உண்மையிலேயே நல்ல மாற்றம். அதைப் பின்னுக்கு இழுக்கச் சொல்லவில்லை.

ஆனால் அதிகாரி நேரில் வந்து பார்க்காமல் அனுமதி கிடைக்கும்போது, பார்க்க வேண்டிய வேலை நம் மேல் விழுகிறது. எனவே சுயசான்றோடு ஒரு பக்கம் சேரட்டும். மனைக்குள் ஓடும் கழிவுநீர் லைன், அதில் சேரும் பக்கத்து வீட்டு லைன்கள், சேம்பர்கள் இருக்கும் இடம், திறந்த சேம்பரின் போட்டோ. ‘இவற்றில் எதையும் மூட மாட்டேன், மாற்றினால் பாதிக்கப்படும் வீட்டாரின் எழுத்துப்பூர்வ சம்மதத்தோடு மாற்றுவேன்’ என்ற உறுதிமொழி. புதிதாக ஓர் அலுவலகமோ கட்டணமோ இதற்குத் தேவைப்படாது. மெட்ரோவாட்டர் தன்னிடம் இருக்கும் வீட்டு இணைப்பு விவரங்களை அந்தந்த வீட்டுக்காரர் ஆன்லைனில் பார்க்கும்படி வைத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும் வழக்கறிஞர்களும் ஆவண எழுத்தர்களும் இன்றிலிருந்தே ஒன்று செய்யலாம். கிணறு, மாடிப்படி, நடைபாதை என்று எழுதும் அதே பத்தியில் டிரைனேஜ் லைனுக்கும் ஒரு வரி. சொத்துப் பிரிக்கும் நாளில் எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருப்பார்கள், அந்த வரியை எழுதுவது அன்றைக்குச் சுலபம். அடைப்பு எடுத்த நாளில் அதே ஆட்கள் காவல் நிலையத்தில் நிற்பார்கள்.

உங்கள் மேஸ்திரி அடுத்த வாரம் வருகிறார் என்றால், டைல்ஸ் கலர் பார்ப்பதற்கு முன் பின்வீட்டுக் கதவைத் தட்டி, ஒரு பாட்டில் சொட்டு நீலத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.